கால் முன்னே வந்த பிள்ளைக்கு

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நான் கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கு இடுப்பு வலிக்கவில்லை, தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறுகிறவனும் நீ இல்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆத்திரத்தில் எதையாவது எழுதிவிடக் கூடாது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் அறைக்கு வருகிற சிநேகிதர்கள் படிக்கட்டும், உன் ஆபீசில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் படிக்கட்டும். பாக்கியத்துக்கு நானே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். உன் பெண்டாட்டியைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ள இனிமேல் ஒன்றும் கிடையாது.

ஆடி மாதத்தில் நீ வந்து இறங்கிய அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கொடும்பாளூர் ரோட்டில் திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கி, ட்ரங்குப் பெட்டியோடு நீ விறுவிறுவென்று முன்னால் வருகிறாய். பாக்கியம் ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்று நின்று வருகிறாள். பெட்டியில் என்ன பெரிய கனம் இருந்தது? இரண்டு சேலை. பிள்ளைதான் கனம். அதை நீ தூக்கியிருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. வாசலில் பெட்டியை வைத்தாய். "ஆத்தா, இவ இங்கிட்டே இருக்கட்டும். இடுப்பு வலி இடுப்பு வலின்னு ஒரு வருசமா உசுர எடுக்குறா" என்றாய். "உள்ள வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் பேசுப்பா" என்றேன். "சாப்பாடெல்லாம் வேணாம். ஊரு இடுப்பையெல்லாம் சரி பண்ணுன காலு இது. ஒனக்கே தெரியும். இவளுக்கு மட்டும் கேக்கலைன்னா நோவு இடுப்புல இல்ல, அம்புட்டும் நடிப்பு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாய். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையை நான் வாங்கிய பிறகும் அவளால் நிமிர முடியவில்லை.

அது போதாது என்று அடுத்த வாரம் உன் சித்தப்பா இலுப்பூரிலிருந்து வந்தார். "மதினி, பய எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டான். நோக்காட்டுப் பொண்ண வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? இவள திருவரங்குளத்துல அவ ஆத்தா வீட்டுல விட்ருங்க. எங்க ஊர்லயே ஒரு பொண்ணு இருக்கு, பாத்தாச்சு" என்கிறார். பாக்கியம் உள்ளே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். காதில் விழும் என்று தெரிந்தே பேசுகிறார். "தம்பி, மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க. அந்தப் பேச்ச இந்த வாசப்படி ஏத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெண் பார்க்கச் சொல்லி வாயைத் திறந்தவன் நீ. ஒரு பெண்ணைப் பிள்ளையோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவள் சேலை மடிப்புக் கலைவதற்குள் இன்னொரு பெண்ணைப் பார்க்கச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

உன் சிநேகிதர்களுக்கு இந்தக் கால் சமாச்சாரம் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். பிறக்கும்போது தலை வராமல் கால் முன்னே வந்த பிள்ளை, இடுப்புப் பிடித்தவர்களை விடிகாலையில் லேசாக மூன்று தடவை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவன் அப்படிப் பிறந்தவன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாங்களெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆன சமயத்தில் இவனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். கமலையில் தண்ணீர் இறைக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வண்டியில் குலுங்கி வந்தவர்கள் என்று யாராவது ஒருவர் எங்கள் வாசலில் குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். இவன் தூக்கக் கலக்கத்தோடு வந்து மிதித்துவிட்டுப் போவான். மடியில் கட்டிக்கொண்டு வந்த கடலையோ வெல்லமோ கொடுப்பார்கள். இவன் அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. பஞ்சாயத்தில் பேசும்போதுகூட, 'காலுக்காரப் பய அப்பன்' என்று யாராவது கூப்பிட்டால் மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தக் கால் எப்படி வந்தது என்று உங்கள் யாருக்காவது ஞாபகம் இருந்ததா? அது என் வயிற்றிலிருந்து வந்தது. பகல், இரவு, மறுபடி பகல் என்று போராடி, மருத்துவச்சி நம்பிக்கையை விட்ட பிறகு, என்னைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தது. பிழைத்ததே பெரிது என்றார்கள். பிள்ளை பிழைத்தான், நானும் பிழைத்தேன். என் இடுப்பு மட்டும் பழையபடி ஆகவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஊரணியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஊரே உன் காலைத் தொட்டுக் கும்பிட்டது. அந்தக் கால் யாருடைய இடுப்பை ஒடித்துக்கொண்டு வந்தது என்று ஒருவருக்கும் யோசனை போகவில்லை.

உன் அப்பா என்னையும் படுக்கச் சொன்னார். படுத்தேன். நீ மிதித்தாய். "எப்புடி இருக்கு?" என்றார். "அப்படியேதாங்க இருக்கு" என்றேன். மறு வாரமும் படுத்தேன், மறுபடியும் அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன், பயந்துகொண்டு மாற்றிச் சொல்லவில்லை. கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டுக்கொள். "ஊருக்கெல்லாம் கேக்குது. ஒனக்கு மட்டும் கேக்கலைன்னா என்னடி அர்த்தம்? வேலைக்கு ஒடம்பு வளையல, அம்புட்டுத்தான்." நீ அப்போது பக்கத்தில் நின்று வெல்லம் தின்றுகொண்டிருந்தாய். உனக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பேச்சு உன் மண்டைக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் ஆடி மாதம் என் வாசலில் நின்று சொன்னாய். உன் அப்பா செத்து இத்தனை வருஷம் கழித்து, அவர் குரலை உன் வாயில் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இத்தனை வருஷம் வலியோடு இருந்தவள் நான், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிடிப்பு என்பது வேறு, தங்கிப்போன வலி என்பது வேறு. மூட்டையைத் தூக்கும்போது சுருக்கென்று பிடித்தால், அது பத்துப் பதினைந்து நாளில் தானாகவே விடும். நீ மிதித்தாலும் விடும், மிதிக்காவிட்டாலும் விடும். உன்னிடம் மிதி வாங்கியவன் வீட்டுக்குப் போய் வெந்நீர் ஊற்றிக்கொள்வான், அவன் பெண்டாட்டி எண்ணெய் தேய்த்துவிடுவாள், நான்கு நாள் வேலைக்குப் போக மாட்டான். குணமானதும் பேர் உன் காலுக்கு வந்துவிடும். குணமாகாதவன் எவனும் திரும்பி வந்து உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னவள் நான் ஒருத்திதான். என்னைச் சோம்பேறி என்றார்கள். ஆனால் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் போகாமல் இருக்கிற வலி ஒரு நாள் சுளுக்கு இல்லை. அதற்குக் காரணம் ஒன்றாக இருக்காது. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும். அதை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்க்கப் பொறுமை இல்லாதவன்தான் நடிப்பு என்பான்.

இப்போது நான் எழுதப்போவதை நீ இரண்டு தடவை படி. பாக்கியம் வந்த மறுநாள், விளக்கெண்ணெயைச் சூடாக்கி அவள் இடுப்பில் தேய்க்க உட்கார்ந்தேன். முந்தானையை விலக்கினால் தோல் கன்றிப்போய்க் கிடக்கிறது. "என்னடி இது?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை. மிதிச்சுவிட்டாங்க" என்றாள். "மிதிச்சா இப்படியா ஆகும்?" அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மொதல்ல மெதுவாத்தான் மிதிச்சாங்க. போன ஞாயித்துக்கெழம, இன்னுமா வலிக்குதுன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்பக் கொஞ்சம் பலமா... வைத்தியத்துக்குத்தான் அத்தை." வைத்தியத்துக்காம்! எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன் கால் பட்டு யாருக்காவது குணமானதா இல்லையா என்று நான் உன்னோடு வழக்காட வரவில்லை. ஆனால் அது ஒரு நாளும் யாரையும் நோகடித்ததில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மிதி வாங்குகிறவர் முனகினால் பயந்து காலை எடுத்துவிடுவாய். இப்போது உன் கால் தோற்றுப்போயிற்று என்ற ஆத்திரத்தை அவள் இடுப்பில் தீர்த்திருக்கிறாய். அது வைத்தியமா, உதையா? என்னிடம் சொல்ல வேண்டாம். உனக்கு நீயே சொல்லிப் பார்.

அவள் வலிக்குக் காரணம் என்ன என்று கேட்டாயா? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை பெற்று உடம்பு தேறுவதற்குள், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி திருவரங்குளத்திலிருந்து அவளை அழைத்துப்போனாய். பச்சை உடம்பு, இன்னும் இரண்டு மாசம் இருக்கட்டும் என்று அவள் ஆத்தாளும் சொன்னாள், நானும் சொன்னேன். "பொம்பளைங்க பேச்சுக்கு முடிவே இல்ல" என்றாய். திருச்சியில் உன் குடியிருப்பு மாடியில், குழாய் கீழே. நான் வந்து தங்கியபோது பார்த்தேனே! இடது இடுப்பில் குடம், வலது தோளில் பிள்ளை. அந்தப் படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மேலே வந்தால் அடுப்பு ஒரு மூலையில், தரையோடு தரையாக. குனிந்தபடியே ஊத வேண்டும், குனிந்தபடியே கிளற வேண்டும். துணி துவைக்கவும் குனிய வேண்டும். படுக்கக் கயிற்றுக் கட்டில். அது தொட்டில் மாதிரித் தொய்ந்து கிடக்கிறது, நீ பாதியை எடுத்துக்கொள்வாய். ராத்திரி பிள்ளை அழுதால் எழுந்திருக்கிறவளும் அவள்தான். தூங்காத உடம்புக்கு வலி இரண்டு பங்கு என்று பிள்ளை பெற்ற எவளைக் கேட்டாலும் சொல்வாள்.

பிறகு என்ன செய்தாய்? மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினாய். யாரோ சொன்னார்கள் என்று அசையாமல் படு என்றாய். அவள் ஒரு மாசத்துக்கு மேல் படுத்தே கிடந்திருக்கிறாள். படுத்த உடம்பு இன்னும் பலம் இழந்துபோயிற்று. அந்த நேரத்தில்தான் உனக்கு நாக்கு நீண்டது. "மகாராணி படுத்துட்டா" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாயாமே. ரோஷத்தில் எழுந்து அன்றைக்கே தண்ணீர் தொட்டியை நிரப்பியிருக்கிறாள். மறுநாள் நகர முடியவில்லை. அன்றிலிருந்து குனியவே பயம். பாம்புப் புற்றில் கைவிடுகிறவள் மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு குனிகிறாள். அப்படிக் குனிந்தால் வலிக்காத இடுப்பும் வலிக்கும். பச்சை உடம்பு, குடம், தூக்கமின்மை, படுக்கை, பயம். எல்லாவற்றுக்கும் மேலே நீ நம்பவில்லை என்ற துக்கம் வேறு. இத்தனையையும் அவள் இடுப்பு தாங்கிக்கொண்டிருக்கும்போது, நீ போய் மேலே காலை வைத்தாய்.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா இவள் காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தில் மரத்துப்போகிறதா என்று தொட்டுத் தொட்டுக் கேட்டார், முதுகெலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். கன்றின இடத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், பாரு, எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. உன்னைப் பெற்றதற்கு அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். "எலும்புல ஒண்ணுமில்ல. நரம்பும் நசுங்கலை. அதுக்காக வலி பொய்யின்னு அர்த்தமில்லம்மா. சதையெல்லாம் பலம் கெட்டுப் போயிருக்கு, பயத்துல இறுகியும் போயிருக்கு. படுக்கப் போடாதீங்க, நடக்க விடுங்க. கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யட்டும். காலு மரத்துப்போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் வந்தாலோ ஒடனே வாங்க" என்றார். ஒரு டாக்டர் சொல்லித்தான் நீ நம்புவாய் என்றால் இதோ டாக்டரே சொல்லிவிட்டார். அவள் சொன்னபோதே நம்பியிருக்கலாம்.

இங்கே இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிறாயா? நீ எங்கே கேட்கப்போகிறாய், நானே சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு அடுப்பை இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றினேனே, ஊரெல்லாம் சிரித்தது, நீகூட லீவில் வந்தபோது "என்னாத்தா, நின்னுக்கிட்டே சமைக்கிற, ஓட்டல் கணக்கா" என்றாய். அந்த அடுப்பில்தான் பாக்கியம் இப்போது நிமிர்ந்து நின்று சமைக்கிறாள். தண்ணீரைச் சின்னச் சின்னத் தவலையில் இரண்டு பேரும் பகிர்ந்து கொண்டுவருகிறோம். தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் மூவர் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறோம். முதலில் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். இப்போது எனக்கு முன்னால் போய் நின்று, "வாங்க அத்தை" என்கிறாள். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் அது அவளை ஆட்டிவைத்த காலம் போய், அவள் அதைச் சமாளிக்கிற காலம் வந்திருக்கிறது. உன் சித்தப்பா வந்துபோன அன்றைக்கு மட்டும் மறுபடி சுருண்டு படுத்துவிட்டாள். வார்த்தையும் இடுப்பில்தான் போய் விழுகிறது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

நேற்று மேலத்தெருக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தம்பி எப்ப ஊருக்கு வாராப்ல? ஒரு மிதி வாங்கணும்" என்றார். "அந்தக் காலு இனிமே இந்த வீட்டு வாசல்ல யாரையும் மிதிக்காதுங்க. போயி வெந்நி ஊத்திக்கிட்டு, ரெண்டு நாள் மூட்டைய எறக்கி வைங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பார்த்தால் பார்க்கட்டும். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாக்கியம் என் பின்னாலேயே உள்ளே வந்தாள். பிறகு, "அத்தை, அவுக வந்தா, நெசமாவே வலிக்குதான்னு ஒரே ஒரு தடவ கேக்கச் சொல்லுங்க. நம்பணும்னுகூட இல்ல. கேட்டாப் போதும்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே இரண்டு போடலாம் போல இருந்தது. நம்ப வேண்டாமாமே! ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கீழே இறக்கியிருந்தால் அவள் இவ்வளவு குறைவாகக் கேட்பாள்? அவளுக்கு அது போதுமாக இருக்கலாம். எனக்குப் போதாது.

அதனால் நீ வா. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வராதே, தனியாக வா. இலுப்பூர்ப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வா. வந்து அவள் எதிரே தரையில் உட்கார். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, என்ன செய்தால் கூடுகிறது, நான் என்ன செய்ததால் கூடியது என்று கேள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே. கன்றின இடத்துக்கு மன்னிப்புக் கேள். கீழ்வீடு பார்த்து, அடுப்பு மேடை கட்டி, நீயே தண்ணீர் பிடித்து வைக்கிறதாக ஒத்துக்கொண்டால், வருவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்வாள். நான் அவளைப் போ என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன். இருந்தால் இது அவள் வீடு. அதற்கு நடுவில் 'என் கால்' என்று நீ ஆரம்பித்தால், ரோட்டில் திருச்சி பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் பேசும்போது நான் குறுக்கே வர மாட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன், கதவை மட்டும் சாத்த மாட்டேன். உன் அப்பா என்னோடு வாழ்ந்த காலம் முழுக்க 'நெசமாவே வலிக்குதா' என்று ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்காமலே போய்ச் சேர்ந்தார். இந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாவதற்குள் ஒரு தடவை அதைக் காதால் கேட்டுவிட வேண்டும்.

உன் ஆத்தா